உங்களுக்குத் தெரியுமா? பெங்களூரில் முளைத்த கதைகள்

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். பிடித்த நாவல் எது, பிடித்த படம் எது என்று பேச ஆரம்பித்தால் எங்கெங்கோ சுற்றிவிட்டு இந்த ஊருக்கே வந்து நிற்பேன். அப்படிச் சேர்த்து வைத்தவற்றில் சில, இந்த வாரம்.

★ எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வக்கீல் கணேஷும் ஜூனியர் வசந்தும் சென்னையில் கேஸ் நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் படைத்தவரோ பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் எஞ்சினியராக இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியுமா? எஸ். ரங்கராஜன் என்பது சொந்தப் பெயர். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்தார், குழப்பம் வரக்கூடாது என்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. நான் முதல்முறை அந்த நீலப் பொத்தானை அழுத்தி, 'பீப்' சத்தம் கேட்டபோது எனக்கு வேட்பாளர் நினைவு வரவில்லை. 'கனவுத் தொழிற்சாலை'யை எழுதியவரின் கை இதிலும் இருக்கிறது என்ற நினைப்புதான் வந்தது. அந்தச் சிலிர்ப்பு ஒவ்வொரு தேர்தலிலும் எனக்கு வருகிறது.

அவருடைய பழைய தொடர்கதைகளை வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்து பைண்டு செய்து வைத்திருந்தார் அப்பா. அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் அதேபோல் வேறு யாரோ பைண்டு செய்த தொகுதிகள் இப்போதும் எப்போதாவது கிடைக்கும். ஓரத்தில் விளம்பரம், நடுவே ஜெயராஜின் ஓவியம், முன்பின் தெரியாத ஒருவர் பென்சிலால் போட்ட கோடுகள். புதுப்பதிப்பில் வாங்கிப் படித்தால் கதை கிடைக்கும். அந்த வாரங்கள் கிடைக்காது.

★ 'விக்ரம்' படத்துக்காக சுஜாதா எழுதிய கதையில் காணாமல் போகும் ஏவுகணையின் பெயர் அக்னிபுத்திரன். படம் வந்தது 1986-ல். இந்தியா தன் முதல் 'அக்னி' ஏவுகணையைச் சோதித்தது 1989 மே மாதம். அந்தத் திட்டத்தின் பின்னால் இருந்த அப்துல் கலாமும் சுஜாதாவும் சென்னை எம்.ஐ.டி.யில் ஒரே காலத்தில் படித்தவர்கள்.

★ பெங்களூர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கண்டக்டரும் பெங்களூர் எஞ்சினியரும் திரையில் எத்தனை முறை சந்தித்தார்கள் என்று கணக்குப் போட்டதுண்டா? 1977-ல் 'காயத்ரி', சுஜாதாவின் கதை, ரஜினிகாந்த் கொடுமைக்காரக் கணவர். அடுத்த ஆண்டு 'ப்ரியா'வில் அதே ரஜினி, வக்கீல் கணேஷ். நாவலில் கணேஷ் போவது லண்டனுக்கு; படத்தில் சிங்கப்பூர் ஆகிவிட்டது. இளையராஜாவின் பாட்டுகளுக்காக அதை நூறு முறை பார்ப்பேன், ஆனால் என் மனசில் இருக்கும் கணேஷ் அவர் இல்லை. நாவல் கணேஷ் அலட்டிக்கொள்ளாதவன். ரஜினி வந்து நின்றாலே திரை அலட்டிக்கொள்ளும். பிறகு 2007-ல் 'சிவாஜி', வசனம் சுஜாதா. 2010-ல் 'எந்திரன்' வந்தபோது வசனத்தில் அவர் பெயரும் இருந்தது; பார்க்க அவர் இல்லை. 2008 பிப்ரவரி 27-ல் காலமாகியிருந்தார். டைட்டிலில் பெயர் வந்த கணத்தில் பக்கத்து சீட்டிலிருந்தவரும் நானும் ஒன்றாகக் கைதட்டினோம். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

★ மல்லேஸ்வரத்தின் 'மல்', பசவனகுடியின் 'குடி', சேர்த்தால் மால்குடி. பெங்களூரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கற்பனை ஊரைப் படைத்த ஆர்.கே. நாராயண் தன் சுயசரிதையில் வேறு மாதிரி சொல்கிறார். 1930-ம் ஆண்டு, பெங்களூரில் பாட்டி வீடு. நல்ல நாள் பார்த்துக் கொடுத்ததும் பாட்டிதான். செப்டம்பரில் ஒரு நாள் நோட்டுப் புத்தகம் வாங்கிவந்து, பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தபோது, ஒரு சின்ன ரயில் நிலையத்தோடு அந்த ஊர் தானாகக் கண்முன் வந்ததாம். பேட்டைகளின் பெயரை வெட்டி ஒட்டியதாக அவர் சொல்லவில்லை. எனக்கு அவர் சொன்னதுதான் பிடித்திருக்கிறது. ஏடு தொடங்க நாள் பார்க்கும் பாட்டி எங்கள் வீட்டிலும் இருந்தாள்.

அந்த நோட்டில் பிறந்த 'சுவாமியும் நண்பர்களும்' 1935-ல் லண்டனில் அச்சேறியது. கைப்பிரதியைப் படித்துவிட்டுப் பதிப்பாளரிடம் சேர்த்தவர் கிரஹாம் கிரீன். நாராயண் பிறந்தது சென்னையில், வீட்டில் பேசியது தமிழ், எழுதியது ஆங்கிலம், வாழ்ந்ததில் பெரும்பகுதி மைசூரில். ஜெமினியின் 'மிஸ் மாலினி' என்ற 1947-ம் ஆண்டுத் தமிழ்ப் படத்துக்கும் கதை அவருடையதுதான்.

★ தூர்தர்ஷனில் 'மால்குடி டேஸ்' பார்த்தவர்கள் மால்குடி என்று நினைத்தது ஆகும்பேயை. மலைநாட்டின் மழை ஊர். இயக்குநர் சங்கர் நாக், சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத், அப்பாவாக கிரீஷ் கர்நாட், கோட்டோவியங்கள் நாராயணின் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண். அதில் வந்த சின்ன ரயில் நிலையம் சிவமொக்கா பக்கத்தில் இருக்கும் அரசாளு. இப்போது அங்கே மால்குடி பெயரிலேயே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

சங்கர் நாக் 1990 செப்டம்பர் 30-ல் கார் விபத்தில் இறந்தபோது வயது 35. 'ஆட்டோ ராஜா' படத்தில் ஆட்டோக்காரராக நடித்தவரைப் பெங்களூர் ஆட்டோக்காரர்கள் இன்றும் விடவில்லை. எத்தனையோ ஆட்டோக்களின் முதுகில் அந்தத் தாடி முகம் ஒட்டியிருக்கும். சிக்னலில் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் வைக்கத் தோன்றும்.

★ 'மால்குடி டேஸ்' தலைப்பு இசை காதில் ஓடுகிறதா? அதே மனிதர்தான் கமல்ஹாசனின் பேசாத படத்துக்கும் இசை: எல். வைத்தியநாதன். தமிழில் 'பேசும் படம்', கன்னடத்தில் 'புஷ்பக விமானா', ஆண்டு 1987. சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்தது பெங்களூரில். வேலையில்லாத இளைஞன் ஒரு பணக்காரரின் இடத்தில் போய் உட்காரும் அந்த நட்சத்திர ஓட்டல், விண்ட்ஸர் மேனர். வசனமே இல்லாததால் எங்கள் தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என்று எல்லா வீட்டாரும் ஒன்றாகச் சிரித்துப் பார்த்த ஒரே படம் அது.

★ பாலுமகேந்திரா முதன்முதலில் இயக்கிய படம் கன்னடப் படம். 'கோகிலா', 1977. கமல்ஹாசனும் ஷோபாவும் நடித்தது. 'மைக்' மோகன் திரைக்கு வந்தது இதில்தான். ஒளிப்பதிவுக்கு தேசிய விருதும் கிடைத்தது. மட்டக்களப்புக்காரர் ஒருவர் கன்னடத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்த வழி இது.

மணிரத்னத்தின் முதல் படமும் கன்னடம்தான் என்பது பலருக்குத் தெரியும். 1983-ல் 'பல்லவி அனுபல்லவி'. கதாநாயகன் அனில் கபூர், உடன் லட்சுமி, இசை இளையராஜா. ஒளிப்பதிவு யார் தெரியுமா? அதே பாலுமகேந்திரா.

★ பாரதிராஜா யாரிடம் தொழில் கற்றார்? கன்னட இயக்குநர் புட்டண்ண கனகாலிடம். நாவல்களைப் படமாக்குவதில் புட்டண்ணாவுக்கு நிகர் அவர்தான். திரிவேணியின் 'சரபஞ்சரா'வை 1971-ல் எடுத்தார். நாவலாசிரியை 1963-லேயே இறந்துவிட்டார். கல்பனா அதில் மனம் குலைந்து நிற்கும் இடங்களைக் கன்னடம் சரியாகத் தெரியாத வயதில் பார்த்தேன். புரியாமல் போன ஒரு கணம்கூட இல்லை. ரஜினியின் ஆரம்பப் படங்களில் ஒன்றான 'கதா சங்கமா'வும் புட்டண்ணாவுடையதே.

★ மாஸ்தி வெங்கடேச அய்யங்காருக்கு வீட்டு மொழி தமிழ். எழுதியது கன்னடம். குடகின் கடைசி அரசனைப் பற்றிய 'சிக்கவீர ராஜேந்திரா'வுக்காக 1983-ம் ஆண்டின் ஞானபீடம் பெற்றார். பிறந்தது 1891 ஜூன் 6. மறைந்தது 1986 ஜூன் 6.

★ எதிர்த்திசையிலும் பாலம் உண்டு. எஸ்.எல். பைரப்பாவின் 'பர்வ'வைத் தமிழில் 'பருவம்' ஆக்கியவர் பாவண்ணன். கர்நாடகத்தில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே கன்னடம் கற்று மொழிபெயர்த்தவர். இதற்கு சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது கிடைத்தது. வரமும் சாபமும் இல்லாத மகாபாரதம் அது. வயசான தேரோட்டிகளின் முதுகு வலியும், போருக்குச் சோறு வடிப்பவர்களின் கவலையும், பிணங்களின் நாற்றமும் அதில் உண்டு. இருபது நாள் எடுத்தது எனக்கு. முடித்த அன்று யாரோடும் பேசத் தோன்றவில்லை.

★ பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் ராமநகரப் பாறைகளைக் கண்டதும் பஸ்ஸில் ஒருவராவது "ஷோலே!" என்பார். உண்மைதான், கப்பர்சிங் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். ஆனால் அதே பாறைக்கூட்டம் இ.எம். ஃபார்ஸ்டரின் நாவலுக்கும் உதவியது. 'எ பாசேஜ் டு இந்தியா'வில் வரும் குகைகளுக்கு மூலம் பீகாரின் பராபர் குகைகள். இயக்குநர் டேவிட் லீன் நேரில் போய்ப் பார்த்தார், அவருக்கு எடுபடவில்லை. ராமதேவர பெட்டாவிலும் சாவனதுர்காவிலும் பாறையைக் குடைந்து வாசல் அமைத்துப் படம் பிடித்தார்கள். 1984-ல் வெளிவந்து இரண்டு ஆஸ்கர் வாங்கியது.

★ பெங்களூரில் பஸ் ஏறும் 'மெஜஸ்டிக்', ஒரு சினிமா தியேட்டரின் பெயர். தியேட்டர் போய்விட்டது, பெயர் மட்டும் பேட்டையாக நிற்கிறது. எம்.ஜி. ரோட்டில் பிளாசா தியேட்டர் இருந்த இடம் இப்போது மெட்ரோ நிலையம்.

★ 2023 ஆகஸ்ட் 10, ரஜினியின் 'ஜெயிலர்'. தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான்; பெங்களூரில் 6 மணிக்கே. அதனால் எல்லை தாண்டி ரசிகர்கள் இங்கே வந்தார்கள். விடிவதற்கு முன்னாலேயே தியேட்டர் வாசலில் சேலத்துப் பையன்கள் நால்வர் என் பின்னால் நின்றார்கள்; ராத்திரி பஸ்ஸில் வந்தவர்கள், முகம்கூடக் கழுவவில்லை. என் ஃபிளாஸ்க்கில் இருந்த காபியை ஐந்தாகப் பிரித்தோம். படத்தின் கடைசியில் கன்னட நடிகர் சிவராஜ்குமார் மெல்ல நடந்து வந்தபோது கன்னடப் பையன்கள் எழுந்து நின்று விசில் அடித்தார்கள், சேலத்துக்காரர்களும் கூடவே எழுந்தார்கள். ரஜினிகாந்த் பிறந்தது பெங்களூரில். சிவராஜ்குமார் பிறந்தது சென்னையில்.