ஊசிமுனையின் உபகாரம்

வேப்பம்பட்டிலிருந்து நாள்தோறும் மின்சார ரயிலில் நின்றபடியே பட்டணம் போய்வந்து, முழங்கால் நோவுக்கு மாத்திரையே கதியென்றிருப்பவர்களுக்கு, அக்குபங்சர் என்னும் சீன வைத்தியத்தைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. 1938-இல், ஜப்பானியப் படையெடுப்பால் அவதியுற்ற சீனத்துக்கு இந்திய தேசியக் காங்கிரஸ் அனுப்பிய ஐந்து வைத்தியர்களுள் துவாரகாநாத் கோட்னிஸ் 1942-இல் அங்கேயே உயிர்நீத்தார்; அவருடைய சகாவான விஜயகுமார் பாசுவோ, 1950-களின் இறுதியில் மீண்டும் சீனம் சென்று, இவ்வித்தையைக் கற்றுக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அந்தப் புண்ணியவானை நம்மவர் பலர் அறியாதிருப்பது வருத்தமே.

மணிக்கட்டு ரேகைக்கு மூன்று விரல் மேலே, முன்கையின் இரு தசைநாண்களுக்கு நடுவே அமைந்த நெய்குவான் என்னும் ஸ்தானத்தில் மயிரிழை போன்ற ஊசியைச் செலுத்தினால், சஸ்திர சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டல் தணிவதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. முழங்கால், இடுப்பு வலிகளிலும் ஓரளவு குணமுண்டு. சர்வரோக நிவாரணி என்பாரை நம்பவேண்டாம். ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றொருவர் ஏற்கவும் வேண்டாம்.