பழைய காரில் ஏசி கேஸ் ஏன் அடிக்கடி காலியாகிறது?

மே மாத மத்தியானத்தில் வத்தலக்குண்டில் இருந்து திண்டுக்கல் வந்து சேர்வதற்குள் சட்டை நனைந்துவிடும். பழைய கார் என்றால் ஏசி போட்டாலும் வெறும் காத்துதான். "கேஸ் இறங்கிடுச்சு சார், ஃபில் பண்ணிடலாம்" என்பார் மெக்கானிக். இரண்டு மாசத்தில் மறுபடி அதே கதை.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. ஒரே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது.

வீட்டு ஃபிரிட்ஜ் மட்டும் எப்படி 15 வருஷம் தாங்குகிறது? அதில் மோட்டாரும் கம்ப்ரஸரும் வெல்டிங் செய்து மூடிய ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. காரில் கம்ப்ரஸரைச் சுற்றுவது இன்ஜின் பெல்ட். சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு சீல்தான் காவல். இன்ஜின் அதிர்வதால் ரப்பர் ஹோஸ் வேறு. பழைய போர்ஷே 911-ஐப் பாருங்கள்: இன்ஜின் பின்னால், ஒரு கண்டென்சர் முன்னால், நடுவே காரின் நீளத்துக்கு ஹோஸ். நைலான் அடுக்கு இல்லாத அந்தக்கால ரப்பர் என்பதால், ஓட்டையே இல்லாமலும் கேஸ் மெல்ல ஊடுருவிப் போய்விடும். கோடிக்கணக்கான காருக்கும் இதே தலைவலிதான்!

ஷெட்டில் கவர் போட்டு நிறுத்தினாலும் தப்பில்லை. கேஸோடு சுற்றும் ஆயில்தான் சீலை ஈரமாக வைக்கிறது. ஓடாவிட்டால் சீல் காய்ந்துவிடும். அதனால் மார்கழியிலும், கொடைக்கானலிலேயே இருந்தாலும், மாதம் ஒருமுறை பத்து நிமிஷம் ஏசியை ஓட விடுங்கள்.

90களின் தொடக்கத்துக் கார்களில் இன்னொரு சிக்கல். அவற்றில் இருந்தது ஓசோன் படலத்தை அரிக்கும் ஆர்-12. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி 2010 முதல் இந்தியாவில் அந்த வகை கேஸ்கள் நிறுத்தப்பட்டன. பதிலுக்கு ஆர்-134ஏ அடிக்கலாம். ஆனால் பழைய மினரல் ஆயில் அதனோடு கலக்காது. ஆயில், ஓ-ரிங், டிரையர் எல்லாம் மாற்ற வேண்டும். சும்மா கேஸை மட்டும் மாற்றினால் கம்ப்ரஸர் போய்விடும், செலவு எகிறும்.

ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் ஒரு கிலோ கசிந்தால் சுமார் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதற்குச் சமம். சின்ன காரின் அரைக் கிலோவே 700 கிலோவைத் தாண்டுகிறது.

அடுத்தமுறை "ஃபில் பண்ணிடலாம்" என்றால், "முதல்ல லீக் எங்கேன்னு காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை வைத்தாலே பெரிய கசிவு தெரிந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டிய இணைப்பு இருந்தால் அங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சரிசெய்த பிறகு வேக்யூம் போட்டு, பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள எடையைப் பார்த்து கேஸ் ஏற்ற வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று சமையல் கேஸ் கலந்து அடிக்க மட்டும் விடாதீர்கள். அது தீப்பிடிக்கும்.