மூட்டைக் கணக்கும் கிலோக் கணக்கும்: அளவு தெரிந்து இடுவோம்

பட்டாவில் எக்டர், ஏர் என்று இருக்கிறது. பேச்சிலோ ஏக்கர், சென்ட் என்கிறோம். மண் ஆய்வு அட்டையில் சத்துகள் கிலோவில் எழுதப்பட்டிருக்கின்றன. உரக்கடையில் மூட்டையாகக் கொடுக்கிறார்கள். மருந்துப் புட்டியில் மில்லி லிட்டர் என்று அச்சிட்டிருக்க, தோட்டத்தில் 'ஒரு மூடி, இரண்டு மூடி' என்று ஊற்றுகிறோம். இத்தனை அளவுகளுக்கும் நடுவில் நின்று பயிர் செய்ய வேண்டியவர் சிறு விவசாயி. ஒரு அளவை இன்னொன்றாக மாற்றும்போது தவறினால், உரமும் மருந்தும் வீணாகும். சில சமயம் பயிரே பாழாகும். ஆகவே கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

பழைய அளவுகள்

நம் முன்னோர் அளவு தெரியாதவர்கள் அல்லர். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியில் நெல்லிலக்கத்தையும் குழிமாற்றையும் மனப்பாடம் செய்தார்கள். இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது அந்த வாய்ப்பாடு. ஆனால் ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் மாறின. நிறுத்தலிலும் இதே நிலைதான். சென்னை மணங்கு ஏறக்குறைய 11.3 கிலோ. வடநாட்டு மணங்கோ 37.3 கிலோ. பெயர் ஒன்று, எடை வேறு.

நிலத்திலும் இந்தத் தொல்லை இருந்தது. 1792-ல் பாராமகால் பகுதி கும்பினியார் வசம் வந்தபின், அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்துதான் தீர்வை விதித்தார்கள். மன்றோ அந்த நாட்களில் தருமபுரியில் தங்கிப் பணிபுரிந்தார். சுதந்திரத்துக்குப் பின் 1956-ல் நிறை, அளவைத் தரச் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோ படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. சேரும் வீசையும் மணங்கும் சட்டப்படி மறைந்தன. ஆனால் படி, வள்ளம், மூட்டை, பெட்டி ஆகியவை வழக்கத்தில் நிற்கின்றன.

இவற்றைக் கைவிட வேண்டும் என்பதில்லை. படியும் மூட்டையும் பாத்திரங்கள். அந்தப் பாத்திரத்தில் எத்தனை கிலோ பிடிக்கும் என்று தெரிந்தால் போதும்.

நில அளவு

முதலில் நிலத்தைச் சரியாக அறிய வேண்டும். ஒரு ஏக்கர் என்பது 100 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு எக்டர் என்பது 100 ஏர், அதாவது 10,000 சதுர மீட்டர். ஒரு எக்டர் 2.47 ஏக்கருக்குச் சமம். ஒரு ஏர் 2.47 சென்ட்.

பலர் ஏரையும் சென்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். பட்டாவில் '0-40.50' என்று இருந்தால் அது நாற்பது சென்ட் அல்ல. 40.50 ஏரை 2.47-ஆல் பெருக்கினால் 100 சென்ட் வருகிறது. அதாவது முழுதாக ஒரு ஏக்கர். இது தெரியாமல் நிலத்தை விற்பவரும் குத்தகைக்கு விடுபவரும் பாதிக்கு மேல் இழக்க நேரிடும். பழைய கிரயப் பத்திரத்தில் உள்ள ஏக்கர் கணக்கையும் பட்டாவில் உள்ள எக்டர் கணக்கையும் ஒப்பிடும்போது இந்தப் பெருக்கலைச் செய்து பார்க்க வேண்டும்.

எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் குண்டா என்பார்கள். நாற்பது குண்டா ஒரு ஏக்கர். ஆகவே ஒரு குண்டா இரண்டரை சென்ட், ஏறக்குறைய ஒரு ஏர்.

சத்து வேறு, உரம் வேறு

இறவைக் கேழ்வரகுக்கு எக்டருக்கு 60 கிலோ தழைச்சத்து, 30 கிலோ மணிச்சத்து, 30 கிலோ சாம்பல் சத்து என்பது பொதுப் பரிந்துரை. மண் ஆய்வு செய்திருந்தால் அதன்படியே இட வேண்டும். இந்தப் பரிந்துரையை இரண்டு வகையில் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எக்டர் அளவை ஏக்கர் அளவாக எடுத்துக்கொள்வது ஒன்று. 60 கிலோ தழைச்சத்து என்பதை 60 கிலோ யூரியா என்று எண்ணுவது மற்றொன்று.

கணக்கைப் படிப்படியாகப் போடுவோம். எக்டர் அளவை 2.5-ஆல் வகுத்தால் ஏக்கர் அளவு கிடைக்கும். அதன்படி ஏக்கருக்கு 24 கிலோ தழை, 12 கிலோ மணி, 12 கிலோ சாம்பல் சத்து தேவை.

அடுத்து சத்தை உரமாக மாற்ற வேண்டும். டி.ஏ.பி. உரத்தில் நூற்றுக்கு 46 பங்கு மணிச்சத்தும் 18 பங்கு தழைச்சத்தும் உள்ளன. 12 கிலோ மணிச்சத்துக்கு 26 கிலோ டி.ஏ.பி. போதும். அதிலேயே ஏறக்குறைய 4.7 கிலோ தழைச்சத்து கிடைத்துவிடுகிறது. மீதி 19.3 கிலோவுக்கு 42 கிலோ யூரியா தேவை. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. பொட்டாஷில் நூற்றுக்கு 60 பங்கு சாம்பல் சத்து இருப்பதால் 20 கிலோ போதும்.

ஆக ஒரு ஏக்கர் இறவைக் கேழ்வரகுக்கு டி.ஏ.பி. 26 கிலோ, யூரியா 42 கிலோ, பொட்டாஷ் 20 கிலோ. யூரியா முழுவதையும் ஒரே தடவையில் கொட்டாமல் அடியுரமாகவும் மேலுரமாகவும் பிரித்து இட வேண்டும். எக்டர் அளவை ஏக்கருக்கு இட்டால் இரண்டரை மடங்கு உரம் போகும். பயிர் தழைத்துச் சாயும், குலை நோயும் எளிதில் பற்றும். கைக்காசு போவதோடு விளைச்சலும் போகும்.

மூட்டை மாறியிருக்கிறது

'ஏக்கருக்கு ஒரு மூட்டை' என்ற பழக்கத்தில் ஒரு சிக்கல் புகுந்திருக்கிறது. முன்பு யூரியா மூட்டை 50 கிலோ. 2018 முதல் அது 45 கிலோ. டி.ஏ.பி. மூட்டை 50 கிலோதான். கந்தகம் பூசிய யூரியா 40 கிலோ பையில் வருகிறது. அதில் தழைச்சத்து நூற்றுக்கு 37 பங்குதான்.

சாதாரண யூரியா ஒரு மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து உள்ளது. கந்தகம் பூசிய யூரியா ஒரு பையில் 14.8 கிலோ. இரண்டையும் 'ஒரு மூட்டை' என்றே சொல்கிறோம். ஆகவே பையின் மேல் அச்சிட்டுள்ள எடையையும் சத்தின் விகிதத்தையும் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

விதையும் நாற்றங்காலும்

கேழ்வரகை வரிசையாக நடவு செய்ய எக்டருக்கு 5 கிலோ விதையும் பன்னிரண்டரை சென்ட் நாற்றங்காலும் போதும். ஏக்கருக்கு என்றால் 2 கிலோ விதை, 5 சென்ட் நாற்றங்கால். படியால் அளந்து தூவுவோர் தங்கள் படியில் ஒரு முறை கேழ்வரகை நிரப்பி, தலை தட்டி, மின்னணுத் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். அந்த எடையைப் படியின் மேல் வண்ணத்தால் எழுதி வைக்கலாம். நெல்லுக்குத் தனியாக நிறுக்க வேண்டும். உமியோடு கூடிய நெல் அதே படியில் எடை குறைவாகவே நிற்கும். கூம்பு கட்டி அளந்தால் கணக்கு மறுபடியும் மாறும் என்பதையும் மறக்கலாகாது.

டிரைக்கோடெர்மா விரிடி கொண்டு விதை நேர்த்தி செய்ய கிலோ விதைக்கு 4 கிராம் வேண்டும். 2 கிலோ விதைக்கு 8 கிராம். இதைக் கை உத்தேசமாக அள்ளிப் போடாமல் நிறுத்தே போட வேண்டும்.

தெளிப்பான் கணக்கு

மருந்தில் அளவு பிசகினால் ஆபத்து அதிகம். கைத்தெளிப்பான் பத்து லிட்டர் பிடிக்கும். பலர் வாங்கியிருக்கும் பேட்டரித் தெளிப்பான் 16 லிட்டர் பிடிக்கும். பழைய டேங்குக்கு ஊற்றிய அதே இரண்டு மூடியைப் புதிய டேங்குக்கும் ஊற்றினால் பூச்சி சாகாது. பிறகு 'மருந்து கேட்கவில்லை' என்று இரண்டாம் முறை வாங்குகிறோம்.

லிட்டருக்கு 2 மி.லி. என்றால் பத்து லிட்டருக்கு 20 மி.லி., பதினாறு லிட்டருக்கு 32 மி.லி. வேப்ப எண்ணெய் 3 சதம் என்றால் லிட்டருக்கு 30 மி.லி. பதினாறு லிட்டர் டேங்குக்கு 480 மி.லி. வேண்டும்.

புட்டியில் 'எக்டருக்கு 500 மி.லி., நீர் 500 லிட்டர்' என்று இருந்தால், ஏக்கருக்கு 200 மி.லி. மருந்தும் 200 லிட்டர் நீரும் ஆகும். பத்து லிட்டர் டேங்க் இருபது. டேங்குக்கு 10 மி.லி. மருந்து. புட்டி மூடியும் தீப்பெட்டியும் அளவுகோல் ஆகா. கோடு போட்ட அளவுக் குவளை ஒன்றை மருந்துக்கென்றே தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். சமையல் கரண்டியை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

விற்கும்போது

பாலக்கோடு தக்காளியைப் பெட்டிக் கணக்கில் விற்கும்போது பெட்டி விலையை மட்டும் கேட்டு மயங்கக் கூடாது. உதாரணமாக, 15 கிலோ பெட்டி 240 ரூபாய் என்றும், 25 கிலோ பெட்டி 350 ரூபாய் என்றும் இரண்டு வியாபாரிகள் கேட்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது தொகை பெரியதாகத் தோன்றும். வகுத்துப் பார்த்தால் முன்னது கிலோ 16 ரூபாய், பின்னது 14 ரூபாய். காலிப் பெட்டியின் எடையைக் கழித்தார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

கேழ்வரகுக்கு 2024-25 பருவத்தில் மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாய். ஒரு குவிண்டால் 100 கிலோ. ஆகவே கிலோவுக்கு 42 ரூபாய் 90 காசு. உங்கள் படியில் ஒன்றேகால் கிலோ நின்றால், அந்த விலைக்குப் படி 53 ரூபாய் 60 காசு ஆகிறது. களத்துக்கு வந்து படிக் கணக்கில் கேட்பவரிடம் பேரம் பேச இந்த ஒரு பெருக்கல் உதவும்.

பிள்ளைகளிடம் கேளுங்கள்

ஆறாம் வகுப்புக் கணக்கில் 'அளவைகள்' என்று ஒரு பாடம் உண்டு. பெரிய அளவைச் சிறிய அளவாக்கப் பெருக்க வேண்டும், சிறியதைப் பெரியதாக்க வகுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். எதை எந்த அளவில் அளப்பது என்றும் அதில் கற்பிக்கிறார்கள். விதை நேர்த்தி மருந்தைக் கிராமில் அளக்க வேண்டும், உரத்தைக் கிலோவில் அளக்க வேண்டும், விளைச்சலைக் குவிண்டாலில் சொல்ல வேண்டும். உரம் வாங்கப் புறப்படும் முன் மண் ஆய்வு அட்டையைப் பிள்ளையிடம் கொடுத்து, 'நம் ஒன்றரை ஏக்கருக்கு யூரியா எத்தனை கிலோ?' என்று கேளுங்கள். பிள்ளைக்குப் பாடம் பதியும், பெற்றோருக்குப் பணம் மிஞ்சும்.

நிலத்தின் பரப்பு ஏக்கரிலும் எக்டரிலும், வீட்டுப் படியின் எடை, தெளிப்பானின் கொள்ளளவு ஆகிய மூன்றையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். மண் ஆய்வுக்கும் கணக்கில் ஐயம் எழுந்தாலும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையோ, உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகிப் பயன் பெறலாம்.