நிலவேம்புக் குடிநீரும் வண்ணப்பிரிகைக் கோட்பாடும்

முன்னுரை

தாம்பரம் சானட்டோரியத்தில் 2005ஆம் ஆண்டு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் காய்ச்சலுக்கு வழங்கும் மருந்துகளுள் ஒன்று நிலவேம்புக் குடிநீர். ஒன்பது மூலிகைகள் சேர்ந்த அச்சூரணத்தில் நிலவேம்பு உள்ளதா என்பதைக் கண்ணால் மட்டும் உறுதிசெய்தல் அரிது. இதற்கு மெல்லடுக்கு வண்ணப்பிரிகை துணைசெய்கிறது.

பிரிகைக் கோட்பாடு

கலவையின் கூறுகள் நிலையான நிலைமைக்கும் நகரும் நிலைமைக்கும் இடையே வெவ்வேறு அளவில் பங்கிடப்படுவதே பிரிகைக்கு அடிப்படை. சிலிக்கா ஜெல் பூசிய தகட்டில் சூரணத்தின் சாற்றைப் புள்ளியாக இட்டு, தகட்டின் கீழ்விளிம்பைக் கரைப்பானில் நிறுத்தினால், கரைப்பான் நுண்புழை ஈர்ப்பால் மேலேறும். முனைவுத்தன்மை மிக்க சேர்மங்களைச் சிலிக்கா இறுகப் பற்றுவதால் அவை பின்தங்கும். அத்தன்மை குறைந்தவை முந்திச் செல்லும். கரைப்பான் 8 செ.மீ. ஏறும்போது ஒரு சேர்மம் 4 செ.மீ. நகர்ந்தால் அதன் தடுத்தல் காரணி 0.5 ஆகும்.

முடிவுரை

இம்மதிப்பு கரைப்பான், தகடு, வெப்பநிலை ஆகியவற்றுக்கேற்ப மாறும். வெவ்வேறு சேர்மங்களுக்கு ஒரே மதிப்பும் அமையலாம். ஆதலால், நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடின் தூய மாதிரியை அதே தகட்டில் சாற்றுக்கு அருகில் இட்டு, இரண்டின் இடமும் புறஊதா உறிஞ்சு நிறமாலையும் ஒத்துள்ளனவா என ஒப்பிடுதல் வேண்டும். ஒத்திருப்பின் அச்சேர்மம் உள்ளது எனக் கொள்ளலாம். எஞ்சிய எட்டு மூலிகைகளுக்கு அது சான்றாகாது.