சரக்குக்கு ஏற்ற ஹேஷ்டேக்: வாடிக்கையாளர் சொல்லும் பெயரே வழிகாட்டி

கடைக்குப் பெயர் வைப்பவர் முதலாளி. அந்தப் பெயரை நிலைக்கச் செய்பவர் வாடிக்கையாளர். நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே மாலையில் திறக்கும் அல்வாக் கடையை 'இருட்டுக் கடை' ஆக்கியது எந்த விளம்பர நிறுவனமும் இல்லை. மங்கலான வெளிச்சத்தில் நடந்த வியாபாரத்தைப் பார்த்து மக்கள் சொன்ன பெயர் அது. இன்று இன்ஸ்டாகிராம், முகநூல், எக்ஸ் தளங்களில் சரக்கை அறிமுகம் செய்யும் நம் வணிகர்கள் ஹேஷ்டேக் தேர்ந்தெடுக்கும்போது மனத்தில் கொள்ள வேண்டியதும் இதுவே.

ஹேஷ்டேக் என்பது என்ன?

# என்ற குறியை ஒட்டி எழுதப்படும் சொல்லே ஹேஷ்டேக். மளிகைக் கடையில் டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு போன்றது. சீட்டைப் பார்த்துச் சரக்கை எடுப்பதுபோல், அந்தச் சொல்லைத் தேடுபவர் அதைத் தாங்கிய பதிவுகளை ஒரே இடத்தில் காணலாம். 2007 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்கரான கிறிஸ் மெஸ்ஸினா இந்த யோசனையை ட்விட்டரில் வெளியிட்டார். 2011இல் இன்ஸ்டாகிராமும் 2013இல் முகநூலும் இதை ஏற்றுக்கொண்டன.

தேர்ந்தெடுக்கும் முறை

1. 'இனிப்பு', 'உணவு' போன்ற பொதுச் சொற்களால் பயன் குறைவு. ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் நின்று ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போன்றது அது. உலகம் முழுவதிலுமிருந்து வரும் பதிவுகளுக்கு நடுவே நம் பதிவு காணாமற் போய்விடும்.

2. பொருள், ஊர், தேவை ஆகிய மூன்றும் இடம்பெறட்டும். பாய் வியாபாரி ஒருவர் #பத்தமடைபாய், #திருநெல்வேலி, #கல்யாணப்பாய் என்று போடலாம். மணமக்கள் பெயரை நெய்த பாய் தேடுபவர் மூன்றாவது சொல்லின் வழியாகத்தான் வருவார்.

3. இடைவெளி விடக்கூடாது. '#பத்தமடை பாய்' என்று பிரித்து எழுதினால் 'பத்தமடை' மட்டுமே ஹேஷ்டேக் ஆகும். பாய் வெளியே நின்றுவிடும்.

4. எழுத்துக்கூட்டலைக் கவனிக்க வேண்டும். திருநெல்வேலியை ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்தை அடுத்து 'எச்' சேர்ப்பவரும் உண்டு, சேர்க்காதவரும் உண்டு. 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றித் தமிழக அரசு ஆணையிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. ஆகவே தேடல் பெட்டியில் இரண்டு விதமாகவும் அடித்துப் பார்த்து, அதிகம் புழங்குவதை எடுத்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்தில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

5. எண்ணிக்கை அளவோடு இருக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து வரை போதும் என்று இன்ஸ்டாகிராம் நிறுவனமே 2021இல் ஆலோசனை கூறியது.

6. கடைப் பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொந்தமாக ஒரு ஹேஷ்டேக் வைத்துக்கொள்ளலாம். அதைப் பில்லிலும் பையிலும் அச்சிட்டால், வாங்கிச் செல்பவர் தாமே படம் எடுத்துப் போடும்போது நமக்குச் செலவில்லாத விளம்பரம் கிடைக்கும்.

பொய்ச் சீட்டு வேண்டாம்

பிளாஸ்டிக் பாய்க்கு #பத்தமடைபாய் என்று போட்டால் பார்வையாளர் வரத்தான் செய்வார். ஏமாந்தவர் அடுத்த முறை உண்மையான கோரைப் பாயையும் சந்தேகிப்பார். நஷ்டம், கோரையை ஊறவைத்துக் கீறி நாள் கணக்கில் நெய்யும் குடும்பங்களுக்கு! பத்தமடைப் பாயைப் போலவே 2020இல் கோவில்பட்டி கடலை மிட்டாயும், 2023இல் ஆத்தூர் வெற்றிலையும் புவிசார் குறியீடு பெற்றவை. இந்தப் பெயர்களை வேறு ஊர்ச் சரக்குக்குச் சூட்டுவது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிறர் பதிவு செய்த வணிகப் பெயரை நம் சரக்குக்கு ஹேஷ்டேக்காகப் போடுவதும் வழக்கில் கொண்டுபோய் விடலாம்.

இதோடு முடிந்துவிடுமா?

ஹேஷ்டேக் வழிகாட்டிப் பலகைதான். வியாபாரம் கடையில்தான் நடக்க வேண்டும். ஹேஷ்டேக்குகளைப் பின்தொடரும் வசதியை 2024 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் நீக்கிவிட்டது. படத்தின் கீழே எழுதும் வாசகமும் தேடலுக்கு உதவுவதால் சரக்கின் பெயர், எடை, விலை, அனுப்பும் வசதி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுவது அவசியம். எந்தச் சொல்லால் விசாரணை வந்தது என்று வாடிக்கையாளரிடமே கேட்டு ஒரு நோட்டில் குறித்து வந்தால், மாதக் கடைசியில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது விளங்கும்.

இதற்கு மூலதனம் தேவையில்லை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது, வருபவர் சரக்கை என்ன பெயர் சொல்லிக் கேட்கிறார் என்று காதுகொடுத்துக் கேட்டாலே போதும். பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்துத் தேடும் அந்தச் சொல், நம் சிறு வணிகர்களின் கடை வாசலுக்குத் தினமும் தானே வந்துகொண்டிருக்கிறது.