டீஹியூமிடிஃபையர் போட்டால் கரன்ட் பில் எவ்வளவு ஏறும்?

மழை மாதங்களில் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பீரோவில் உள்ள பட்டுப்புடவைக்குக்கூடப் பூஞ்சை பிடித்துவிடுகிறது. ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் வாங்க நினைப்பவர்களைத் தயங்க வைப்பது கரன்ட் பில்தான்.

சந்தேகம்: மெஷினில் 300 வாட் என்று போட்டிருக்கிறது. தினம் 8 மணி நேரம் ஓட்டினால் எத்தனை யூனிட்?

விளக்கம்: 300ஐ 8ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் 2.4 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 144. இது அதிகபட்சக் கணக்கு. நீங்கள் வைத்த அளவுக்கு அறை காய்ந்ததும் கம்ப்ரஸர் நின்றுவிடும். ஆகவே 100 யூனிட் என்று வைத்துக்கொள்வோம்.

சந்தேகம்: பழைய பில்லைப் பார்த்து, யூனிட்டுக்குச் சராசரியாக இத்தனை ரூபாய் என்று பெருக்கிக்கொள்ளலாமா?

விளக்கம்: கூடாது. கணக்கு பிசகுவதே இங்கேதான். புது மெஷின் இழுக்கும் யூனிட்டெல்லாம் உங்கள் பில்லின் உச்சிப் படியில் போய் உட்காரும். 500ஐத் தாண்டினால் இன்னொரு அடியும் உண்டு: 101 முதல் 200 யூனிட் வரைக்கான சலுகை விலை போய்விடும், மற்ற படிகளும் சற்று ஏறும். 2024 ஜூலைக் கட்டணப்படி 420 யூனிட்டுக்குச் சுமார் 1,300 ரூபாய்; 520 யூனிட்டுக்குச் சுமார் 2,250. அதாவது கூடுதல் 100 யூனிட்டுக்கு ஏறக்குறைய 950 ரூபாய்! சராசரியை நம்பியவர் 310 என்று நினைத்திருப்பார். 300 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டுக்கு இதே 100 யூனிட் 500 ரூபாயைத் தாண்டாது.

சந்தேகம்: 'நாளுக்கு 20 லிட்டர்' என்கிறார்களே, உண்மையா?

விளக்கம்: பெரும்பாலும் அது 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதத்தில் சோதித்த அளவு. 15 டிகிரிக் குளிரில் அதில் பாதி வருவதே கஷ்டம். காயிலில் உறைபனி படியும், அதை உருக்க மெஷின் அவ்வப்போது நிற்கும். ஒரு லிட்டருக்கு ஆகும் செலவு கூடும். குளிருக்கு ஏற்றது டெசிக்கன்ட் வகை. ஆனால் அதற்குள் ஹீட்டர் இருப்பதால் கரன்ட்டை இரு மடங்குகூடக் கேட்கும்.

சந்தேகம்: கையடக்க மெஷின் போதாதா?

விளக்கம்: பீரோவுக்குப் போதும். அறைக்கு அது பொம்மை.

சந்தேகம்: செலவைக் குறைக்க வழி?

விளக்கம்: ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டினால் ஊர் ஈரத்தையெல்லாம் உங்கள் செலவில் இழுப்பீர்கள். கதவு ஜன்னலைச் சாத்தி, 55 சதவீதத்தில் வையுங்கள். பூஞ்சையைத் தடுக்க அதுவே போதும், 40 வரை இறக்க வேண்டியதில்லை. வாங்கியபின் பிளக்கில் மாட்டும் சின்ன மீட்டரை வைத்து ஒரு வாரம் அளந்து, வரும் யூனிட்டை எட்டரையால் பெருக்கினால் இரண்டு மாதக் கணக்கு வந்துவிடும்.