ஆர்ச்சியைப் பார்த்துச் சிரித்தவரும் ஆர்ச்சியோடு சிரித்தவரும்

1971ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனத்தார் தொலைபேசிகளின் முன்னே வழக்கத்தினும் கூடுதலான ஊழியரை அமர்த்திவிட்டுக் காத்திருந்தனர். அன்று முதன்முதலாக ஒளிபரப்பாகவிருந்த ஓர் அரைமணி நேர நகைச்சுவை நாடகத்தைக் கண்டு மக்கள் கொதித்தெழுவார்கள், வசைமாரி பொழிவார்கள் என்பது அவர்களது அச்சம். நாடகம் தொடங்குமுன் திரையில் ஓர் அறிவிப்பும் காட்டப்பட்டது. நம்மிடமுள்ள பலவீனங்களையும் துவேஷங்களையும் நகைப்புக்கு உரியனவாக்கி, அவை எத்துணை அபத்தமானவை என்று காட்டுவதே இந்நிகழ்ச்சியின் நோக்கம் என்பது அதன் சாரம். நாடகம் முடிந்தது. அஞ்சிய அளவுக்கு அழைப்புகள் வரவே இல்லை!

அத்தொடரின் பெயர் ‘ஆல் இன் த ஃபேமிலி’. 1979 வரை ஒன்பது பருவங்கள், இருநூறுக்கு மேற்பட்ட பகுதிகள் என்று அது ஓடியது. 1971 முதல் 1976 வரை தொடர்ந்து ஐந்து பருவங்களில் அந்நாட்டில் மிகுதியானோர் பார்த்த தொடர் இதுவே. இத்தனை பேர் ரசித்தார்களே, எதை ரசித்தார்கள்? அறிவிப்பு சொன்னபடி துவேஷத்தின் அபத்தத்தையா? அல்லது, தாம் வாய்விட்டுச் சொல்லத் தயங்கியதை ஒருவன் துணிந்து சொல்கிறானே என்ற மகிழ்ச்சியா? இந்தக் கேள்வி அமெரிக்காவில் அன்றைக்குப் பத்திரிகைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பெரிதாக விவாதிக்கப்பட்டது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஒரு சிறிய வீடு. வீட்டுத் தலைவன் ஆர்ச்சி பங்கர், சரக்கு ஏற்றி இறக்கும் கிடங்கில் மேற்பார்வையாளன். வருமானம் போதாமல் இரவில் டாக்சியும் ஓட்டுகிறவன். கறுப்பர், யூதர், போலந்துக்காரர், பெண்ணுரிமை பேசுவோர் என யாரைக் கண்டாலும் அவனுக்கு ஆகாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் இழிபெயர் வைத்திருக்கிறான். மனைவி ஈடித் வெள்ளை மனம் கொண்டவள், கணவனின் அதட்டலுக்கெல்லாம் ஓடி ஓடிப் பணி செய்கிறவள். மகள் குளோரியா. அவளை மணந்த மைக் சமூகவியல் படிக்கும் மாணவன், போலந்து வழியினன், முற்போக்குக் கருத்தினன். அவனுக்கு மாமனார் வைத்த பெயரை ‘மரமண்டை’ என்று தமிழாக்கலாம். மாமனாரும் மருமகனும் ஒரே கூரையின் கீழ் வியட்நாம் போர் பற்றியும் நிறபேதம் பற்றியும் ஓயாது சண்டையிடுகிறார்கள். இவ்வளவுதான் கதை.

இது ஏன் புதுமை? ‘சிட்காம்’ என்று சுருக்கமாக வழங்கும் குடும்ப நகைச்சுவைத் தொடர்களில் அதுவரை வீட்டுக்கு வெளியே உலகம் இருந்ததாகவே தெரியாது. தெருவில் கலவரம் மூண்டிருந்த 1960களில், திரையில் கணவனின் மேலதிகாரி விருந்துக்கு வரும் நேரத்தில் பண்டம் கருகிப்போவதே பெரிய துன்பமாக இருந்தது. கழிப்பறையில் தண்ணீர் இறங்கும் ஓசையைக்கூட அந்நாட்டுத் தொடர் நாடகங்களில் முதலில் கேட்கச் செய்தது ஆர்ச்சியின் வீடுதான் என்பர்.

தொடரை உருவாக்கியவர் நார்மன் லியர். இங்கிலாந்தில் ஜானி ஸ்பைட் எழுதிய ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ என்ற நாடகத் தொடரைத் தழுவி அவர் இதனை அமைத்தார். ஆயினும் ஆர்ச்சியின் உயிர் அவருடைய சொந்த வீட்டிலிருந்தே வந்தது. அவருடைய தந்தையாரே மனைவியைப் பேசவிடாமல் அதட்டுகிறவராகவும், மகனைச் சோம்பேறி என்று ஏசுகிறவராகவும் இருந்தாராம். ஏ.பி.சி. நிறுவனம் இருமுறை மாதிரிப் பகுதிகள் எடுக்கச் செய்து இருமுறையும் வேண்டாம் என்று தள்ளிவிட்ட பின்னரே சி.பி.எஸ். துணிந்தது.

இனி வழக்குக்கு வருவோம். ஓடத் தொடங்கிய ஆண்டிலேயே, செப்டம்பரில், லாரா ஹாப்சன் என்ற நாவலாசிரியை நியூயார்க் டைம்ஸ் இதழில் நீண்டதொரு கண்டனம் எழுதினார். யூத வெறுப்பை எதிர்த்து 1947இலேயே புகழ்பெற்ற நாவல் எழுதியவர் அவர். அவருடைய குற்றச்சாட்டு மேம்போக்கானதன்று. ஆர்ச்சி போன்ற ஒருவன் உண்மையில் வீட்டுக்குள் பயன்படுத்தும் மிகக் கொடிய சொற்களைத் தொடர் விலக்கிவிட்டு, சற்று மழுங்கிய சொற்களை அவன் வாயில் வைக்கிறது. இவ்வாறு துவேஷத்தைக் கழுவித் துடைத்து, கட்டிப்பிடித்துக்கொள்ளத்தக்க செல்லப் பிராணியாக ஆக்குகிறது. இனவெறியனை அன்புக்குரியவனாகக் காட்டுவதே பொய் என்றார் அவர். லியர் அடுத்த மாதமே அதே இதழில் விடை எழுதினார். வெறுப்பு கொண்டவர்கள் அன்புக்கும் உரியவர்களாக இருக்கத்தான் செய்கிறார்கள் என்பதே அவர் கட்சி. தந்தையை மனத்தில் வைத்து எழுதியவர் வேறெப்படிச் சொல்வார்?

கறுப்பினத் தலைவர்களுள் தேசிய நகர்ப்புறக் கழகத்தின் விட்னி யங் தொடக்கத்திலேயே எதிர்த்தார். ஆயினும் அண்டை வீட்டுக் கறுப்பின இளைஞன் லயனல் வரும் காட்சிகளை ரசித்தவர் பலர். ஆர்ச்சியின் முகத்துக்கு நேரே, அவன் எதிர்பார்க்கும் அப்பாவிக் கறுப்பனைப்போல் நடித்து அவனை ஏளனம் செய்வான் லயனல். ஆர்ச்சிக்கு அது கடைசிவரை புரியாது. அந்தக் குடும்பம் 1975இல் ‘த ஜெஃபர்சன்ஸ்’ என்ற தனித் தொடராகவே பிரிந்து, 1985 வரை நீடித்தது.

வாதம் இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்க, நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்ற இரு உளவியலறிஞர் ரசிகரிடமே சென்று கேட்டனர். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஓர் ஊரின் உயர்நிலைப் பள்ளி மாணவர் 237 பேர், கனடாவின் ஒன்டாரியோவிலுள்ள லண்டன் நகரத்தில் வயது வந்தோர் 130 பேர் ஆகியோரிடம் வினாத்தாள் கொடுத்து, 1974இல் முடிவுகளை வெளியிட்டனர். துவேஷம் மிக்கவரும் குறைந்தவரும் ஏறத்தாழ ஒரே அளவில் தொடரை ரசித்தனர். ஆனால் அவர்கள் பார்த்தது ஒரே தொடரன்று என்றே சொல்லவேண்டும். துவேஷம் குறைந்தவர்களின் கண்ணில் ஆர்ச்சி தோற்றுப்போகும் முட்டாள். மிக்கவர்களோ, மைக்கைவிட ஆர்ச்சியே அறிவாகப் பேசுகிறான், கடைசியில் அவனே வெல்கிறான் என்று கருதுவோராக இருந்தனர். அமெரிக்க மாணவரிடையே தொடரை அடிக்கடி பார்த்தவர்களும் இவர்களே! மருந்து என்று கொடுத்ததை நோயாளி மிட்டாய் என்று சுவைத்துக்கொண்டிருந்தான்.

இங்கே நம் தமிழ்த்துறையினருக்கு ஒரு சொல். தொல்காப்பியர் நகைக்குக் கூறும் நான்கு நிலைக்களன்களுள் முதலாவது எள்ளல். உரை வகுத்த பேராசிரியர் அதை இரண்டாகப் பகுப்பார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டபோது தான் சிரிப்பது மற்றொன்று. ஆர்ச்சியின் ரசிகருள் ஒரு சாரார் இவ்விரண்டிலும் அடங்காதவர்கள். தாம் எள்ளப்படுவதையே அறியாமல் சிரித்தவர்கள். இதனை மூன்றாம் எள்ளலாகக் கொள்வதா, பேதைமையில் சேர்ப்பதா என்பதை என்னினும் கற்றவர்கள் தீர்மானிக்கட்டும்.

அவர்கள் அப்படிப் பார்த்ததற்கு நாடகத்திலேயே காரணம் உண்டு. ஆர்ச்சி உழைக்கிறான், வீட்டுக் கடனை அடைத்துக் கொண்டிருப்பவன் அவன். மைக்கோ மாமனார் வீட்டில் உண்டு, மாமனார் வீட்டில் உறங்கி, மாமனாருக்கே சமத்துவம் போதிக்கிறான். பெண்ணுரிமை பேசும் அவனே மனைவியை ஏவுவதும் உண்டு. இதை எழுத்தாளர்கள் வேண்டுமென்றே வைத்தார்கள். அத்துடன், கேரல் ஓ’கானரின் நடிப்பு. அவர் ஆர்ச்சிக்கு நேர் எதிரான அரசியல் கருத்தினர். 1980இல் எட்வர்ட் கென்னடிக்காகத் தேர்தல் விளம்பரத்தில் தோன்றியவர். ஆயினும் அவர் முகம் சுளிக்கும்போதும், பெரிய சொற்களைத் தப்பும் தவறுமாக உச்சரிக்கும்போதும் அந்த மனிதனை வெறுக்க முடிவதில்லை. பழைய பதிவுகளைப் பார்த்தபோது, மைக் நீளமாகப் பேசி முடித்ததும் ஆர்ச்சி ஒரே சொல்லில் அவனை மடக்கும் இடங்களில் நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் அந்தச் சொல் என்ன என்று கவனித்தேன்.

தொடர் மக்கள் முன்னிலையில் மேடை நாடகம் போலவே நடித்துப் பதிவு செய்யப்பட்டது. ஆகவே நாம் கேட்பது உண்மையான அவையின் சிரிப்பு. 1972 பிப்ரவரியில் ஒளிபரப்பான பகுதியில் பாடகர் சாமி டேவிஸ் ஜூனியர் தாமாகவே நடிக்கிறார். ஆர்ச்சியின் டாக்சியில் விட்டுச் சென்ற பெட்டியைப் பெற வீட்டுக்கு வருகிறார். அவர் கறுப்பர், யூத சமயத்தைத் தழுவியவர். கறுப்பராகப் பிறந்தது உங்கள் கையில் இல்லை, யூதராக ஏன் மாறினீர்கள் என்று ஆர்ச்சி அவரிடமே கேட்கிறான்! கடைசியில் இருவரும் புகைப்படத்துக்கு நிற்கையில், விளக்கு மின்னும் கணத்தில் டேவிஸ் ஆர்ச்சியின் கன்னத்தில் முத்தமிட்டுவிடுகிறார். அவையின் சிரிப்பு நெடுநேரம் அடங்குவதில்லை. அந்தச் சிரிப்பில் எவர் எதற்காகச் சிரித்தார் என்று பிரித்தெடுக்க எந்தக் கருவியும் இல்லை. அதே ஆண்டு, குடியரசுத் தலைவர் பதவிக்கு ஆர்ச்சி பங்கர் என்று அச்சிட்ட சட்டைப் பொத்தான்களும் ஒட்டுத்தாள்களும் விற்பனையாயின. வேடிக்கைக்காக வாங்கியவர் எத்தனை பேர், மெய்யாகவே வாங்கியவர் எத்தனை பேர்?

என்னைக் கேட்டால், தொடக்க இரவின் அறிவிப்பு தகுதிக்கு மீறிய வாக்குறுதி என்பேன். சிரிப்பு துவேஷத்தைக் குணப்படுத்தவில்லை. அந்த அளவுக்கு ஹாப்சன் அம்மையார் சொன்னதே சரி. ஆனால் துவேஷம் எங்கிருந்து வருகிறது என்பதை அவருடைய கண்டனத்தைவிடத் தெளிவாகக் காட்டிய பகுதி ஒன்று இத்தொடரில் உண்டு. 1978 பிப்ரவரியில் ஒளிபரப்பானது. அப்போது ஆர்ச்சி ஒரு மதுக்கடைக்கு உரிமையாளன். மாமனும் மருமகனும் கடையின் சரக்கறைக்குள் தவறிப்போய் அடைபட்டுவிடுகிறார்கள். குளிர், இருவரும் குடிக்கிறார்கள். போதையில் ஆர்ச்சி தன் இளமையைச் சொல்கிறான். வறுமையால் ஒரு காலில் ஒருவகைச் செருப்பும் மறுகாலில் வேறுவகையும் அணிந்து பள்ளிக்குப் போனது, பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தது, தந்தை அடித்தது எல்லாம் வெளிவருகின்றன. உங்கள் தந்தை கற்பித்தது தவறு என்கிறான் மைக். ஆர்ச்சி துடிக்கிறான். உழைத்துச் சோறு போட்டவர், கையைப் பிடித்து நடத்திச் சென்றவர், அவர் எப்படித் தவறானதைச் சொல்லியிருப்பார் என்று கேட்கிறான். அந்தக் கேள்வியின்போது அவையில் சிரிப்பே இல்லை.

அவ்வாண்டே ஆர்ச்சி, ஈடித் ஆகியோரின் நாற்காலிகள் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டன. பழைய பொருள் கடையில் சில டாலருக்கு வாங்கிய நாற்காலிகள் அவை! தொடர் முடிந்துவிடும் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்கள். பிறகு மேலும் ஒரு பருவம் நடத்த முடிவாகி, அதே போன்ற நாற்காலிகளைப் பெரும் பொருட்செலவில் புதிதாகச் செய்யவேண்டியதாயிற்று. ரசிகர் விடவில்லை. ‘ஆர்ச்சி பங்கர்ஸ் பிளேஸ்’ என்ற பெயரில் 1983 வரை ஆர்ச்சி வந்துகொண்டிருந்தான்.

2019 மே 22 அன்று அப்பழைய பகுதிகளுள் ஒன்றை, வுடி ஹாரெல்சன் ஆர்ச்சியாக நடிக்க, மக்கள் முன்னிலையில் நேரடியாக மீண்டும் அரங்கேற்றினார்கள். 96 வயதான லியரும் உடனிருந்தார். ஒளிபரப்பியது, ஒரு காலத்தில் இருமுறை வேண்டாம் என்ற அதே ஏ.பி.சி. தொடர்ந்து அதே இரவில் ‘த ஜெஃபர்சன்ஸ்’ பகுதி ஒன்றும் நடித்துக் காட்டப்பட்டது. 1975இல் அதில் வெளிப்படையாக ஒலித்த ஓர் இழிசொல் இம்முறை நேயர் காதில் விழவில்லை. அந்த இடத்தில் ஓர் ஊதல் ஒலியை மட்டும் வைத்திருந்தார்கள்.